பஞ்சப்படியும் படியளப்பும்

(அகதிகளும் அரசு நிதியும் என்ற பொருளில் நடந்த இயக்கக் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன். கணக்குப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. பரவாயில்லை. பகல் முழுக்க வங்கியில் பற்றும் வரவும் எழுதுகிற ஆள்தான் நான். அதனால் அகதிகளுக்கு அரசு ஒதுக்கும் நிதியைப் பற்றி ஒரு குமாஸ்தாவின் பார்வையிலிருந்தே பேசுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பார்க்கலாம். 'படி' என்கிற சொல். நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் களத்துமேட்டில் ஆண்டை மரக்கால் எடுத்து அளப்பான். அதுக்குப் பேர் படியளப்பு. நாள் பூரா உழைத்ததற்கு வருகிற நெல்தான் அது. ஆனால் 'கூலி கொடுத்தேன்' என்று ஆண்டை சொல்லமாட்டான், 'படியளந்தேன்' என்றுதான் சொல்லுவான். கூலி என்றால் குறைந்தால் கேட்கலாம். படியளப்பு என்றால் கேட்க முடியாது. கொடுக்கிறவனுக்கு மனசு இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதே சொல் எங்கள் சம்பளச் சீட்டிலும் இருக்கிறது: பஞ்சப்படி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பார்த்து அது திருத்தப்படுகிறது. எந்த அமைச்சருக்கும் நாங்கள் மாலை போட வேண்டியதில்லை. சங்கம் போராடி ஒப்பந்தமாக்கிய உரிமை அது. ஒரே சொல்தான். ஒன்று தயவு, இன்னொன்று உரிமை. அகதிக்கு அரசு கொடுக்கும் பணம் இதில் எந்தப் படி? இன்றைக்கு என் பேச்சு முழுக்க இந்தக் கேள்வி ஒன்றுதான்.

இது தலித் இயக்க மேடை. இங்கே அகதிப் பிரச்சினை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அகதிக் கணக்கில் சாதி என்ற தலைப்பே கிடையாது என்பது உண்மைதான். ஆனால் விதி எழுதுகிற இடத்தில் சாதி உட்கார்ந்திருக்கிறது. இதை முதலில் பிடித்துக் காட்டியவர் பாபாசாகேப்.

1947. நாடு பிரிந்து மேற்குப் பஞ்சாபிலிருந்து லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். அரசு முகாம் போடுகிறது, ரேஷனும் துணியும் கொடுக்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி, சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் பிரதமர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். பாகிஸ்தானில் மாட்டிக்கொண்ட தாழ்த்தப்பட்ட மக்களை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பதைச் சொல்கிறார். பீ அள்ளவும் குப்பை வாரவும் ஆள் வேணும் இல்லையா? அது அத்தியாவசியச் சேவையாம். இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்களின் நிலையையும் எழுதுகிறார். முகாம் அதிகாரிகள் சாதி இந்து அகதிகளையும் தாழ்த்தப்பட்ட அகதிகளையும் வேற்றுமையாக நடத்துகிறார்கள், அதனால் நம் மக்கள் முகாமுக்கு வெளியே கிடக்கிறார்கள். முகாமில் தங்கியவர்களுக்கு மட்டுமே நிவாரணம் என்று விதி. ஆகவே வெளியே கிடப்பவர்களுக்கு ஒன்றுமே இல்லை.

இந்த விதியை நல்லாப் பாருங்க. அதில் சாதி என்ற சொல்லே இல்லை. 'முகாமில் இருப்பவருக்கு ரேஷன்.' கேட்டால் ரொம்ப நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் முகாமுக்குள் விடாமல் துரத்துவது சாதி. துரத்தப்பட்டவனுக்கு ரேஷன் கிடையாது என்று சொல்வது விதி. ரெண்டும் கைகோத்துக்கொண்டால் தாளில் ஒரு கறையும் படியாது. தணிக்கை பண்ணிப் பார்த்தாலும் கணக்கு சரியாத்தான் இருக்கும்.

அடுத்து இழப்பீடு. அகதிகளாக வந்தவர்கள் அங்கே விட்டுவந்த சொத்துக்கு ஈடு கொடுக்க 1954இல் சட்டம் வந்தது. சொத்து இருந்தது என்று நிரூபித்தவனுக்கு ஈடு. சரி, நம்ம ஆளுக்கு அங்கே சொத்து ஏது? 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில மாற்றுச் சட்டம், 'விவசாயச் சாதி' என்று பட்டியலிட்டவர்களைத் தவிர மற்றவர்கள் அவர்களிடமிருந்து நிலம் வாங்க முடியாதபடி செய்திருந்தது. தலைமுறை தலைமுறையாக உழுதவன் அந்தப் பட்டியலில் இல்லை. நிலம் வாங்கக்கூடாது என்று முதலில் ஒரு சட்டம், நிலம் இருந்தவனுக்குத்தான் ஈடு என்று பிறகு ஒரு சட்டம். மிராசுதார் அகதியாக வந்தாலும் மிராசுதாராகவே வந்தான். பண்ணையாள் அகதியாக வந்தாலும் பண்ணையாளாகவே வந்தான். எல்லை தாண்டினால் வீடு போகும், ஊர் போகும், சாதி மட்டும் கூடவே வரும்.

கிழக்கே வங்காளத்துக்கு வாங்க. கிழக்கு வங்காளத்திலிருந்து முதலில் வந்தவர்களில் மேல்சாதிப் படித்தவர்கள் அதிகம். அவர்கள் கல்கத்தாவைச் சுற்றிக் காலி இடங்களில் குடியேறி உருவாக்கிய காலனிகள் காலப்போக்கில் அங்கீகாரம் பெற்றன. பிறகு பெருந்திரளாக வந்தவர்கள் நாமசூத்திரர்கள், தலித் விவசாயிகள். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சராக இருந்த ஜோகேந்திரநாத் மண்டலே 1950இல் பதவியை விட்டு இந்தியா வந்தவர்தான். இந்த மக்களைக் கல்கத்தாவில் வைத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. 1958இல் தண்டகாரண்யத் திட்டம் வந்தது. ஆற்றிலும் வயலிலும் வாழ்ந்தவர்களைக் கல்லும் காடுமான மத்திய இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அதுவும் யார் நிலம்? ஆதிவாசிகளின் நிலம். போகமாட்டேன் என்று முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு உதவித்தொகையை நிறுத்தினார்கள். உதவித்தொகை என்பது மாட்டுக்குக் கட்டிய கயிறு மாதிரி. மேய விடுவதற்கும் அதுதான், இழுத்துக் கட்டுவதற்கும் அதுதான்.

1978இல் தண்டகாரண்யத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கயிற்றை அறுத்துக்கொண்டு வங்காளம் திரும்பினார்கள். சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்ற தீவில் குடியேறினார்கள். அரசிடம் ஒரு பைசா வாங்கவில்லை. தாங்களே பள்ளிக்கூடம் கட்டினார்கள், மருந்தகம் வைத்தார்கள், மீன் பிடித்தார்கள், படகு செய்தார்கள். 1979 ஜனவரியில் இடது முன்னணி அரசு 144 தடை போட்டு, போலீஸ் படகுகளை விட்டுத் தீவைச் சுற்றி வளைத்தது. அரிசியும் குடிதண்ணீரும் போகவிடவில்லை. துப்பாக்கிச் சூடும் நடந்தது. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி மிச்சமிருந்தவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. பட்டினி கிடந்து செத்தவர்களை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

பஞ்சாபில் விதி நம் மக்களை நிவாரணத்துக்கு வெளியே தள்ளியது. வங்காளத்தில் நிவாரணமே கயிறாக மாறியது. தமிழ்நாட்டுக்கு வாங்க. இங்கே ரெண்டும் நடக்கிறது.

1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3,04,269 பேர் என்று 2021இல் தமிழக அரசு சொன்னது. பலர் திரும்பிப் போய்விட்டார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். அந்த ஆண்டுக் கணக்குப்படி 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். வெளியே போலீசில் பதிந்து வாழ்ந்தவர்கள் 34,087 பேர்.

முகாம் செலவை முதலில் மாநில அரசு செய்யும், பிறகு மத்திய அரசு திருப்பிக் கொடுக்கும். மாகாண நிதி எப்படி வளர்ந்தது என்று அம்பேத்கர் 1925இல் ஒரு நூல் எழுதினார். மையத்துக்கும் மாகாணத்துக்கும் இடையில் பணமும் அதிகாரமும் எப்படிப் பிரிந்தன என்பதுதான் அதன் பொருள். நம்ம முகாம்களை அந்தக் கண்ணோடு பாருங்கள். அரிசி போடுவது சென்னை, பில்லுக்குப் பணம் தருவது டில்லி, குடியுரிமை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் டில்லி. முகாமில் இருக்கிறவன் சென்னையைக் கேட்டால் 'மத்திய அரசைக் கேள்' என்கிறது. டில்லியைக் கேட்டால் பதிலே இல்லை.

இப்போ அந்தப் பணத்தைக் கணக்குப் பார்க்கலாம். 2006க்கு முன்னால் குடும்பத் தலைவருக்கு மாசம் 200 ரூபாய். மற்ற பெரியவருக்கு 144. முதல் பிள்ளைக்கு 90. அதுக்கு அடுத்த பிள்ளைக்கு 45. இரண்டாவதாகப் பிறந்த பிள்ளைக்குப் பாதி வயிறுதான் இருக்கும் என்று எந்த மேசையில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்களோ! அரிசி கிலோ 57 பைசா. 2006இல் உதவித்தொகையை இரண்டு மடங்காக்கினார்கள். 2011இல் தலைவருக்கு 1,000, பெரியவருக்கு 750, பிள்ளைக்கு 400 ஆக்கினார்கள். 2021 ஆகஸ்டில் 1,500, 1,000, 500 ஆக்கினார்கள்.

2011க்கும் 2021க்கும் நடுவில் பத்து வருஷம். புருஷன், பெண்டாட்டி, ரெண்டு பிள்ளை என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். 2011இல் மாசம் 2,550 ரூபாய். 2021இல் 3,500. ஏறத்தாழ 37 சதவீதம் கூடியிருக்கிறது. பேப்பரில் பெரிசாப் போட்டாங்க. எங்கள் பஞ்சப்படிக்கு அளவுகோலாக இருக்கும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் அதே பத்து வருஷத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2011இல் 2,550 ரூபாய்க்கு வாங்கிய பொருளை 2021இல் வாங்க 4,600 ரூபாய் வேணும். கொடுத்தது 3,500. அதாவது உயர்த்தினோம் என்று அறிவித்த அன்றைக்கே, பத்து வருஷத்துக்கு முந்தி கொடுத்ததைவிடக் கால்வாசி குறைவாகத்தான் கொடுத்தார்கள். அந்தப் பத்து வருஷத்தில் என் பஞ்சப்படி நாற்பது தடவை திருத்தப்பட்டது. முகாமில் இருக்கிறவனுக்கு ஒரே தடவை. நானும் அவனும் ஒரே கடையில்தான் வெங்காயம் வாங்குகிறோம்.

3,500 ரூபாயை நாலு பேருக்கும் முப்பது நாளைக்கும் வகுத்தால் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 29 ரூபாய் சொச்சம். அரிசி தனியாக உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த 29 ரூபாய்க்கு அவன் கொடுக்கிற விலை என்ன? வருவாய்த்துறை ஆள் முகாமுக்குக் கணக்கெடுக்க வருகிற அன்றைக்கு நேரில் நிற்கணும். முகாம்காரர்கள் அதற்கு 'செக்கிங்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வெளியூரில் பெயிண்டு அடிக்கப் போனவன் ஒருநாள் கூலியை விட்டுட்டு ஓடிவரணும். வராவிட்டால் பேர் வெட்டுப்படும். களத்துமேட்டில் வரிசையில் நின்று தலையெண்ணிப் படி வாங்கிய நம்ம ஜனங்களுக்கு இது புரியாதா?

2021இல் அந்த அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அதில் 7,469 வீடுகள் கட்ட 231 கோடி. முகாம்களின் பேரையும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. தகரக் கொட்டகையிலும் பத்துக்குப் பத்து அறையிலும் மூன்று தலைமுறை படுத்து எழுந்த சனத்துக்கு வீடு வருவதை வரவேற்க வேண்டும், வரவேற்கிறேன். ஆனால் குமாஸ்தாவின் வாய் சும்மா இருக்காது. வீடு யார் பேரில்? பட்டா யார் பேரில்? வாசல் பலகையில் 'அகதி' என்ற சொல்லை அழித்துவிட்டீர்கள், சட்டப் புத்தகத்தில் அவன் யார்? 2003இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, உரிய தாளில்லாமல் வந்தவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று வகைப்படுத்தி, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிற வழியையே அடைத்தார்கள். 2019 திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். அதிலும் முஸ்லிமுக்குத் திறக்கவில்லை. இலங்கைக்குத் திறக்கவே இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்கு, தாளில்லாமல் வந்த குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு மட்டும் தந்தது. அடிக்கமாட்டோம் என்பதற்கும் உட்காரு என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இந்த முகாம்களில் இருப்பவர்கள் யார்? ஏறத்தாழப் பாதிப் பேர் மலையக வம்சாவழியினர். அதாவது, வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து, நம்ம சேரிகளிலிருந்து, கங்காணி பிடித்துக்கொண்டு போன பறையர், பள்ளர், சக்கிலியரின் பேரப்பிள்ளைகள்தான் பெரும்பகுதி. போகும்போது மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து நோய் சோதித்துக் கப்பலேற்றினார்கள். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இந்திரா காலத்தில் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். எந்த லயத்திலாவது போய் 'உனக்கு எங்கே இருக்க ஆசை' என்று கேட்டுவிட்டா ஒப்பந்தம் போட்டார்கள்? 1977 கலவரத்தில் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டுப் பலர் வன்னிக்குப் போனார்கள். வன்னியில் குண்டு விழுந்ததும் படகேறினார்கள். கரை சேர்ந்த இடம் மறுபடியும் மண்டபம் முகாம். தாத்தாவைக் கூலியாக எண்ணி அனுப்பிய இடத்தில் பேரனை அகதியாக எண்ணி எடுத்துக்கொண்டார்கள்.

இவர்களைப் பற்றித்தான் 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி, இத்தனை காலம் நாடற்றவர்களாக வைத்திருப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு எதிரானது என்று சொன்னார். வழக்குப் போட்டவர்கள் 65 பேர். வேலை வாய்ப்பில் சமத்துவம் சொல்கிற, இட ஒதுக்கீட்டுக்கு ஆதாரமான 16ஆம் பிரிவோ குடிமக்களுக்கு மட்டும். சேரியிலிருந்து போனவனின் பிள்ளை பட்டம் வாங்கினாலும் இட ஒதுக்கீட்டைத் தொடமுடியாது. பஞ்சாபில் பார்த்தோமே, அதே கதைதான். சாதியால் கூலியாக்கி அனுப்பினோம், வந்தபிறகு சாதிக்கான பாதுகாப்பு உனக்கில்லை என்கிறோம்.

நம்ம சேரியிலேயே ஒரு பேச்சு இருக்கிறது. அதையும் மறைக்காமல் பேசணும். 'நமக்கே வீடில்ல, பட்டாவில்ல. அவங்களுக்கு எதுக்குக் கோடி கோடியா?' என்று கேட்கிற அக்காவும் அண்ணனும் இருக்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை, பசிக்கிறவன் அப்படித்தான் கேட்பான். ஆனா நம்ம பங்கை எடுத்தது யாரு? 1979-80இல் ஆரம்பித்த சிறப்பு உட்கூறு திட்டத்தின் பணத்தை எந்த அகதி எடுத்தான்? 2010இல் டில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு அந்த நிதியிலிருந்து 600 கோடிக்கும் மேல் திருப்பிவிட்டார்கள். மாநிலங்களவையிலேயே ஒப்புக்கொண்டார்கள். நம்ம பணத்தில் விளக்குப் போட்டு விளையாடியவனை விட்டுவிட்டு, 29 ரூபாய் வாங்குகிறவனிடம் சண்டைக்குப் போவதா? ஒரே ஆண்டை ரெண்டு சேரிக்கும் படியளக்கிறபோது, சேரிக்குள் சண்டை மூட்டுவதுதான் அவனுக்கு லாபம்.

பணமில்லை என்பார்கள். 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தபோது இந்த நாடு என்ன செய்தது? அந்த நவம்பரிலிருந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் அகதி நிவாரணத்துக்கென்று 5 பைசா தபால்தலை கூடுதலாக ஒட்டவைத்தார்கள். காதல் கடிதம் போட்டவனும் 5 பைசா கொடுத்தான், வேலைக்கு மனுப் போட்டவனும் கொடுத்தான். மனசு வைத்தால் அரசுக்குப் பணம் கிடைக்கும். மனசு வைப்பதும் வைக்காததும் அரசியல்.

சட்டமன்றத்தில் துறைக்குப் பணம் கேட்பதற்கு 'மானியக் கோரிக்கை' என்று பேர். மானியம் என்பது ஆண்டையின் சொல். கோரிக்கை என்பது நம்ம சொல். அதனால் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

ஒன்று. முகாம் உதவித்தொகையை விலைவாசிக் குறியீட்டெண்ணோடு கட்ட வேண்டும். எங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடியும் என்றால், அவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது முடியும். எந்த முதலமைச்சரின் பிறந்தநாளுக்கும் அறிவிப்புக்கும் அது காத்திருக்கக்கூடாது.

இரண்டு. தலையெண்ணிப் பேர் வெட்டுகிற முறை ஒழிய வேண்டும். உழைக்கப் போனவனின் பிள்ளை சோற்றை நிறுத்துவது நிர்வாகமல்ல, தண்டனை.

மூன்று. மத்திய அரசு எவ்வளவு திருப்பிக் கொடுத்தது, எவ்வளவு பாக்கி, முகாம்வாரியாக எவ்வளவு செலவு என்ற கணக்கை ஆண்டுதோறும் தமிழில் அச்சடித்து முகாம் வாசலில் ஒட்ட வேண்டும். யார் பேரில் செலவு எழுதப்படுகிறதோ அவனுக்குக் கணக்குப் பார்க்கிற உரிமை உண்டு.

நான்கு, இதுதான் தலையாயது. மலையக வம்சாவழியினருக்கு உடனடியாகக் குடியுரிமை. இருக்க விரும்பும் மற்றவர்களுக்கும் அதற்கான வழி. அகதி நிவாரணம் என்ற செலவுத் தலைப்பு ஒருநாள் மூடப்பட வேண்டும். ஆட்களைத் திருப்பி அனுப்பி மூடக்கூடாது. அவர்களைக் குடிமக்களாக்கி, பட்டாவும் ஓட்டும் சாதிச் சான்றிதழும் கொடுத்து மூட வேண்டும்.

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று சொந்தச் சட்டமும் வைத்துக்கொள்ளவில்லை. சட்டம் இல்லாத இடத்தில் கொடுக்கப்படுவது எவ்வளவு பெரிய தொகையானாலும் அது படியளப்புதான். நாளைக்கு வேறு ஆள் நாற்காலிக்கு வந்து மரக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டால் கேட்க வழியில்லை. களத்துமேட்டில் நம் பாட்டன்மார் ஒருநாள் நிமிர்ந்து நின்று, 'படி வேண்டாம், கூலியைச் சொல்' என்றார்கள். அடிபட்டார்கள், ஆனாலும் கேட்டார்கள். அந்தக் கேள்வியை முகாமில் இருக்கிறவர்களோடு சேர்ந்து நாம் கேட்கவேண்டிய நேரம் இது. அவர்களால் ஓட்டுப் போட முடியாது. நம்மால் முடியும். இந்த முகாம்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் எத்தனையோ சேரிகள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தை முகாம் வாசலில் போடலாம்.

ஜெய் பீம்.